முட்டைக்கு வைத்த தண்ணீர்

காலையில் நிரப்பி வைத்த தட்டு மத்தியானத்துக்குள் காய்ந்து கிடந்தது.

புஷ்பவள்ளி குஞ்சு பொரிக்கும் மிஷினின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். மேலே வலையில் முட்டைகள், கீழே அகலமான அலுமினியத் தட்டு. விளிம்பு தொட அவள் கையாலேயே தண்ணீர் ஊற்றியிருந்தாள். கம்மாபுரத்துத் தண்ணீர் வற்றினால் ஓரத்தில் வெள்ளையாகக் கோடு விட்டுவிட்டுப் போகும்; குடத்தில் இரண்டு நாள் நின்றாலே உப்புப் பூத்துவிடும். இந்தத் தட்டில் கோடு எதுவும் இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்ததுபோல் அடிப்பக்கம் பளபளத்தது.

கத்திரி வெயில் என்று நினைத்துக்கொண்டாள். கொட்டகைமேல் கவிந்திருந்த பலா மரம் ‘தானே’ புயலில் வேரோடு சாய்ந்த பிறகு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் வெயில் நேராக இறங்கியது. கரண்ட்டும் பகலில் பாதி நேரம் இருப்பதில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தட்டை மறுபடி நிரப்பினாள். கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

அந்த மிஷினைச் செய்தது அவள் புருஷன் ராஜமாணிக்கம். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். வேலை விட்டு வந்த சாயங்காலங்களில் கொட்டகையில் உட்கார்ந்து, பிளைவுட் பெட்டிக்குள் பல்பு மாட்டி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேனைப் பொருத்தி, கரண்ட் போனால் கைகொடுக்க ஒரு பேட்டரியும் வைத்து முடித்தார். “சூடு வைக்கிறது சுலுவு. ஈரந்தான் நம்ம சொல்லு கேக்காது” என்பார். ஈரம் ஜாஸ்தியானால் முட்டைக்குள்ளேயே நீர் கோத்துக்கொண்டு குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். குறைந்தால், ஓட்டுக்கு உட்புறம் இருக்கிற சவ்வு காய்ந்து தோல்போல் இறுகி, வெளியே வரத் திமிறும் குஞ்சை அப்படியே சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதைக் கண்காணிக்க உள்ளே இரண்டு தெர்மாமீட்டர் தொங்கவிட்டிருந்தார். ஒன்று வெறுமனே தொங்கும். இன்னொன்றின் முனையில் துணித் திரி சுற்றியிருக்கும். திரியின் மறுமுனை ஒரு மருந்து பாட்டில் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்தால் உள்ளே ஈரம் எப்படி என்று தெரிந்துவிடும்.

மாசி மாதத்தில் அவர் இறந்துபோனார். சித்திரையில் வந்த கழிச்சல் நோயில் அவர் வளர்த்த கோழிகளும் ஒன்று மிச்சமில்லாமல் போயின. நோய் வருவதற்குச் சில நாள் முன்னால் அடை வைத்த முட்டைகள்தான் மிஷினுக்குள் இருந்தன. அவர் விட்டுப்போன உயிர் என்று சொல்ல, கடலூரில் நர்சிங் படிக்கும் மகள் காயத்ரியைத் தவிர இவைதான் மிச்சம்.

மறுநாளும் தட்டு காய்ந்திருந்தது. இந்தத் தடவை மருந்து பாட்டிலும். திரியைத் தொட்டபோது அது வெயிலில் கிடந்த சணல்போல் விறைத்திருந்தது. திரி காய்ந்ததால் இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே அளவைக் காட்டின.

அவள் ஒரு முட்டையை எடுத்து, ஜன்னலை மறைத்துக்கொண்டு, அகன்ற முனையில் டார்ச்சை வைத்துப் பார்த்தாள். முட்டைக்குள் இருக்கும் காற்றறை இந்த நேரத்துக்கு ஒரு ரூபாய்க் காசு அகலம் இருந்தால் போதும். அது பாதி முட்டைவரை இறங்கியிருந்தது. கீழே சிவப்பு நரம்புகளுக்கு நடுவில் கறுப்பாக ஒடுங்கியிருந்த குஞ்சு, வெளிச்சம் பட்டதும் ஒருமுறை துள்ளியது. உயிர் இருந்தது. அதற்கு இடந்தான் குறைந்துகொண்டு வந்தது.

உத்திராபதியைக் கூப்பிட்டாள். ராஜமாணிக்கத்தோடு வயரிங் வேலைக்குப் போய்வந்தவன், அவரை மாமா என்றும் இவளை அக்கா என்றும் கூப்பிடுகிறவன். பெட்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தான். பலகை சேரும் இடங்களிலெல்லாம் டேப் ஒட்டினான். பிறகு கதவைத் திறந்து கையை உள்ளே விட்டவன், சட்டென்று இழுத்துக்கொண்டான்.

“என்னா தம்பி, ஷாக் அடிக்குதா?”

“இல்லக்கா.” கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். “உள்ள எதுனா கூமுட்டை ஆயிடுச்சா பாருங்க. ஒரு மாதிரி மூத்திர வாடை அடிக்குது.”

“எலியா இருக்கும்.”

“எலிதான் தண்ணியக் குடிக்குதா?”

அவன் டீகூடக் குடிக்காமல் கிளம்பினான்.

அவன் போன பிறகு ஒவ்வொரு முட்டையாக எடுத்து மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். சுண்ணாம்பு வாசனை, லேசான தவிட்டு வாசனை, அவ்வளவுதான். எதுவும் அழுகவில்லை. வாடை முட்டையிலிருந்து வரவில்லை. மிஷினின் வாய்க்கு நேராக, அவள் முகத்தின் உயரத்தில், சூடாக, விட்டு விட்டு வந்தது. அவளுக்கு அந்த வாடையைத் தெரியும். கடைசி ஆறேழு மாதம் அதற்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தாள்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று சொன்ன பிறகு ராஜமாணிக்கத்தின் மூச்சு அப்படித்தான் நாறியது. வாரா வாரம் சிதம்பரத்துக்கு அழைத்துப்போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அழைத்துவந்தாள். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கிவிடும், நெஞ்சில் ஏறினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளெல்லாம் சேர்த்து ஒரு சின்ன பாட்டில். மாத்திரை விழுங்குவதும் அதற்குள்தான். அவள் அதை ஒரு நாளும் மீறவில்லை. குடங்களை அடுப்பங்கரையில் வைத்துப் பூட்டினாள். சொம்பு, டம்ளர் எல்லாவற்றையும் அவர் கண்ணில் படாமல் எடுத்துவைத்தாள். குளிக்கும்போது குடித்துவிடுவார் என்று துணி நனைத்து உடம்பைத் துடைத்தாள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும்.

ஒரு விடிகாலையில் கோழிக் கூண்டுப் பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தாள். அவர் மண்ணில் முழங்காலிட்டு, கோழிகளுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டிக்குள் முகத்தைக் கவிழ்த்திருந்தார். அவள் சட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். ஈர மண்ணைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். மீசையில் தவிடு ஒட்டியிருந்தது.

வீட்டுக்குள் புழுக்கம் என்று கடைசி நாட்களில் இந்தக் கொட்டகையில்தான் நாடாக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். “ஒரு வாய் குடு புஷ்பா” என்பார். “நாளைக்குத் தரேங்க” என்பாள். அன்றைய சாயங்காலமும் அப்படித்தான் சொல்லிவிட்டு, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அதைப் பல்லால் கடித்து உறிஞ்சிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். பஞ்சை வாயிலிருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

கட்டில் இப்போதும் மிஷினுக்கு எதிர்ச் சுவரோரம் கிடந்தது.

அடுத்த நாள் மத்தியானம் கரண்ட் போய் வெகுநேரமாகிவிட்டது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். பேட்டரியும் தீர்ந்து மிஷினுக்குள் ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. இத்தனை நாளும் அந்த ஃபேனின் முனகல் ஓயாமல் காதில் இருந்ததால், அது நின்றதும் தெருவே நின்றுபோனது மாதிரி இருந்தது. தூரத்தில் சுரங்க மண்ணைக் கொட்டும் இயந்திரத்தின் உறுமல், கூரைத் தகடு வெயிலில் விரிந்து டக் டக்கென்று நெளியும் ஓசை, பாதி உருவிய காம்பிலிருந்து இலைகள் முறத்தில் விழும் ஓசை. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று கேட்டது.

சொரசொரப்பான ஏதோ ஒன்று உலோகத்தில் உரசியது. இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. நாய் தட்டை நக்கும்போது அவசரம் இருக்கும். இதில் அவசரம் இல்லை. ஒரு சொட்டும் விட்டுவிடக்கூடாது என்று, ஓரத்திலிருந்து நடுவரை, பொறுமையாக, மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தி.

அவள் கையில் கீரைக் காம்போடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஓடிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. காலை ஊன்றி எழுந்தும்விட்டாள். ஆனால் அந்த மூச்சு வாங்கும் ஓசை அவளைத் தடுத்தது. உட்கார்ந்தபடியே இரவெல்லாம் மூச்சுக்கு ஏங்கியவரின் முதுகை அவள் தடவிக்கொடுத்திருக்கிறாள். கேட்டதும் கை தானாக நீண்டது.

உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டிலுக்கடியில் வைத்தாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

“முட்டைக்கு வச்சத வுட்டுடுங்க” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “குஞ்சுங்க செத்துப்போவும். உங்களுக்குத் தனியா வைக்கிறேன்.”

நக்கும் ஓசை நின்றது. தட்டையும் மருந்து பாட்டிலையும் மறுபடி நிரப்பினாள்.

சாயங்காலம் பார்த்தபோது சொம்பு காலி. தரையில் சிந்திய ஈரமும் இல்லை. மிஷினில் அவள் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது. திரி நனைந்திருந்தது. அவள் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை. மறுத்து மறுத்து மரத்துப்போன கை ஒரு சொம்பு தண்ணீரை முழுசாகக் கொடுத்துவிட்டது.

அதன் பிறகு சில நாட்கள் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சொம்பு போய்க் குடம் வந்தது. ஒரு குடம் இரண்டானது. ஏலக்காய் தட்டிப் போட்டுப் பானகம் கரைத்து வைத்தாள். நுங்கு வாங்கி அதன் நீரை வடித்து வைத்தாள். கொட்டகையிலேயே உட்கார்ந்து, முட்டைகளைத் திருப்பி வைத்தபடி, உத்திராபதிக்குப் பெண் பார்க்கிற கதையையும், எதிர்வீட்டு எருமை கன்று போட்டதையும் சொன்னாள். டார்ச் அடித்துப் பார்த்தால் முட்டைக்குள் குஞ்சுகள் இடத்தை நிறைத்துக்கொண்டு அசைந்தன. ஈரம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

ஒரு நாள் அவள் பேசிக்கொண்டிருந்தபோதே காயத்ரி போன் செய்தாள்.

“யாரோடம்மா பேசிட்டு இருந்த?”

“கோழிங்களோட.”

“கோழிதான் எல்லாம் செத்துப்போச்சேம்மா.”

“முட்டையச் சொன்னேன்.”

“அம்மா, நான் லீவு போட்டுட்டு வரட்டுமா?”

“வேணாம். வெயில் ஜாஸ்தி. நீ படி.”

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் கட்டிலைக் கவனித்தாள். இழுத்துக் கட்டிய நாடா நடுவில் தொய்ந்திருந்தது. ஆள் படுத்தால் தொய்கிற மாதிரி. யாரும் இல்லை. மறுநாள் இன்னும் தொய்ந்தது. அதற்கு மறுநாள் நாடா தரைக்கு நான்கு விரல் மேலே நின்றது. கட்டில் சட்டம் உள்பக்கமாக வளைந்து முனகியது. ராஜமாணிக்கம் நல்ல நாளிலேயே ஒல்லியான மனிதர். எவ்வளவு கனம் இருந்தால் அந்தக் கட்டில் அப்படி வளையும்.

அவள் மெதுவாகப் பக்கத்தில் போனாள். கட்டிலின் மேல், ஒன்றுமில்லாத இடத்தில், கையை இறக்கினாள். விரல்கள் எதிலோ பட்டன. குளிர்ச்சி. ஊறிப்போன தோல். அமுக்காமலே உள்ளே இறங்கின. வெடுக்கென்று கையை எடுத்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி தொட்டபோது, முதலில் விரல் பட்ட இடத்தில் குழி அப்படியே இருந்தது.

அன்று சமையலுக்குத் தேங்காய் உடைத்தாள். குலுக்கும்போது சத்தமே வரவில்லை. உடைத்தால் உள்ளே தண்ணீர் இல்லை. பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகிக் கிடந்தது. இன்னொன்று. அதுவும். அடுப்பங்கரைக் குடம் மூடியபடியே காலியாக இருந்தது. பேட்டரியின் மூடிகளைத் திருகிப் பார்த்தாள். அதற்குள் ஊற்றியிருந்த ஆசிட் தண்ணீரும் இல்லை. எரிக்கும் என்றுகூடப் பார்க்கவில்லை அவர்.

கொடுத்தால் அடங்கும் என்று நினைத்திருந்தாள். கொடுக்கக் கொடுக்க வளர்ந்தது. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. உயிரோடு இருந்தபோது டாக்டர் சொன்னது இப்போதும் மாறவில்லை.

குஞ்சு வெளியே வர வேண்டிய நாள் அன்றைக்குத்தான் என்று விடிந்ததும் தெரிந்தது. முட்டைகளுக்குள் கீச் கீச்சென்று மெலிந்த குரல்கள். ஒரு முட்டையில் ஊசிமுனை அளவுக்கு நட்சத்திர விரிசல். இந்த நேரத்தில்தான் ஈரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். கதவைத் திறக்கக்கூடாது. அவள் கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள்.

தட்டு காய்ந்திருந்தது.

கட்டிலோரம் வைத்த இரண்டு குடமும் காலி.

அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம், அண்டா, வாளி, சாமி மாடத்துச் செம்பு வரைக்கும், ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் வாசலைத் தாண்டித் தெருச் சாக்கடையில் கவிழ்த்தாள். மிஷின் தட்டுக்கு மட்டும் கதவை ஒரு விரற்கடை திறந்து ஊற்றிவிட்டு, அதற்கு முன்னால், கட்டிலைப் பார்த்தபடி, உட்கார்ந்துகொண்டாள்.

“இனிமே இல்லீங்க” என்றாள். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்தக் குஞ்சுங்க பொழைக்கட்டும். நாளைக்குத் தரேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

கட்டில் சட்டம் கிறீச்சிட்டது. நாடா மெல்ல மேலே ஏறியது. இறுகியது. சமமாக நின்றது.

அவர் எழுந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் வாசலில் காயத்ரியின் குரல் கேட்டது.

மகள் தோளில் பையோடு நின்றிருந்தாள். சுடிதார் முதுகு முழுக்க நனைந்து, முகம் கன்றிப்போயிருந்தது. “விருத்தாசலத்துல பஸ்ஸு கெடைக்கலம்மா. ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை.” செருப்பைக் கழற்றினாள். “தண்ணி குடு மொதல்ல.”

“நீ ஏன் வந்த?”

“உன் குரலே சரியில்ல. அதான் வந்தேன். தண்ணி குடும்மா.”

“வூட்ல தண்ணி இல்ல.”

காயத்ரி அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த குடங்கள், காய்ந்த அண்டா. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடி திருகாத பாட்டில். தூக்கிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள். “இப்பத்தான் கடையில வாங்குனேன். வாங்கறப்ப ரொம்பி இருந்துச்சு.”

“கெளம்பு. உத்திராபதி வூட்டுக்குப் போவலாம், வா.” புஷ்பவள்ளி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். கை தீயாகச் சுட்டது.

“தல சுத்துதும்மா. அஞ்சு நிமிஷம் படுத்துக்கறேன்.”

கூடத்தில் கரண்ட் இல்லாமல் நின்ற சீலிங் ஃபேனுக்குக் கீழே, வெறும் தரையில் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் கண் செருகியது. புஷ்பவள்ளி உலுக்கினாள். காயத்ரி முனகினாளே தவிர எழவில்லை. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது, தெருக்குழாயில் காலையில் மட்டுந்தான் தண்ணீர் வரும். உத்திராபதிக்குப் போன் செய்தாள். வேலைக்கு விருத்தாசலம் வந்திருப்பதாகவும், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாகவும் சொன்னான்.

“தண்ணி எடுத்துட்டு வா தம்பி.”

“தண்ணியா?”

“நெறைய எடுத்துட்டு வா.”

சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஓட்டை உடைக்கப் போராடும் குரல்கள். ஒன்றைக் கேட்டு ஒன்று, எல்லாம் சேர்ந்து. மகளுக்கு முந்தானையால் விசிறிக்கொண்டே அவள் அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவை கேட்கும்வரை அவர் அங்கே இல்லை. தட்டு நிரம்பியிருக்கிறது. குஞ்சுகள் பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரு குரல் நின்றது.

அப்புறம் இன்னொன்று.

அவள் விசிறுவதை நிறுத்தினாள். ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிசையாக வந்தது அமைதி. கீச்சென்று தொடங்கிய ஒரு குரல் நடுவில் அறுந்தது. கடைசியாக ஒன்று மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. அதுவும் ஓய்ந்தது.

எழுந்து ஓடினாள். தட்டு பளபளத்தது. விரிசல் விட்ட முட்டையை எடுத்தாள். வெறும் ஓடுபோல் கனமில்லை. நகத்தால் ஓட்டைப் பிய்த்தாள். உள்ளே சவ்வு மஞ்சளாகி, காய்ந்து, இறுகியிருந்தது. அதற்குள்ளே குஞ்சு. இறகு, அலகு, மூடிய கண், எல்லாம் முழுசாக. நாற்றம் இல்லை, ஈரம் இல்லை. அலகு விரிசலைப் பார்த்துத் திறந்திருந்தது. அவள் உள்ளங்கையில் அது ஒரு சருகு.

கொட்டகையில் அந்த வாடை இல்லை.

சுற்றிப் பார்த்தாள். முகர்ந்தாள். இல்லை.

வீட்டுக்குள் ஓடினாள்.

காயத்ரி படுத்தபடியே இருந்தாள். வாடை அங்கே இருந்தது. அறை முழுக்க. மகளின் உதடு வெளுத்து, தோல் வெடித்திருந்தது. நெற்றியில் மட்டும் வியர்வை முத்து முத்தாக அரும்பியிருந்தது. புஷ்பவள்ளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது புருவத்துக்கு மேலிருந்து வலப்பக்கமாக, இரண்டு விரல் அகலத்தில், வியர்வை இல்லாமல் போனது. துடைத்துவிட்டதுபோல் ஒரு பட்டை. பிறகு அதற்குக் கீழே இன்னொரு பட்டை. மெதுவாக. பொறுமையாக. அழுந்திய தோல் சற்றே இழுபட்டு, மறுபடி தன் இடத்துக்கு வந்தது.

காயத்ரி தூக்கத்தில் லேசாகச் சிரித்தாள்.

“அப்பா” என்றாள்.

“வுட்டுடுங்க” என்றாள் புஷ்பவள்ளி. “உங்க பொண்ணுங்க அது.”

கழுத்தோரம் ஒரு பட்டை. மகளின் மூச்சு வறண்டு, தொண்டையில் காகிதம் உரசுவதுபோல் கேட்டது.

கொடுக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவள் கையாலேயே கொட்டியிருந்தாள். முழங்காலிட்டு மகள்மேல் கவிழ்ந்தாள். தன் முகத்தை அந்த வாடைக்கு நேராகக் கொண்டுபோனாள். கண் நிறைந்தது. ஒரு சொட்டு இமையோரம் திரண்டு, கன்னத்தில் இறங்கப் போனது.

இறங்கவில்லை.

கண்ணுக்குக் கீழே சொரசொரப்பாக ஏதோ பட்டது. சூடாக மூச்சு. காயத்ரியின் நெற்றியில் வியர்வை மறுபடி அரும்பத் தொடங்கியது. அப்படியே நின்றது.

அவளுக்குப் புரிந்தது. அழ வேண்டும். உத்திராபதி வரும்வரை விடாமல் அழ வேண்டும். அழுதாள். வடலூர் தைப்பூசக் கூட்டத்தில் அவள் செருப்பு அறுந்தபோது தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்த ராஜமாணிக்கத்தை நினைத்து அழுதாள். காயத்ரி பிறந்த அன்று அவர் கடைத்தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்ததை நினைத்தாள். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். ஒவ்வொரு நினைவுக்கும் இரண்டு சொட்டு. அப்புறம் ஒன்று. அவர் அவசரப்படவில்லை. இடது கண், வலது கண். மாறி மாறி.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.

கண் எரிந்தது. இமை கொட்டினால் மணல் உரசியது. நினைக்க இன்னும் என்ன இருக்கிறது என்று தேடினாள். கண்ணீர் வரவில்லை; விழியில் மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. மகளின் நெற்றியில் வியர்வை அசைவதைப் பார்த்தாள்.

கண்ணை மூடாமல், இன்னும் அகலமாகத் திறந்து காட்டினாள்.